மிதிவண்டியில் வேலைக்கு வருவோருக்கு ஒரு குழாய், ஒரு கதவு, ஒரு கொடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் போக்குவரத்து நெரிசல், காற்று மாசு, பெட்ரோல் விலை ஆகியவை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியாகும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். குறைந்த தொலைவுக்கு மிதிவண்டியைப் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை அவற்றில் அடிக்கடி இடம்பெறுகிறது. சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டிலேயே, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019இல் வாடகை மிதிவண்டித் திட்டமும் வந்தது. தனிப் பாதை வேண்டும், நிழல் வேண்டும், வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாடு வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். அவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பல ஆண்டுகளாக மடிப்பாக்கத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டைப் பகுதியில் உள்ள அலுவலகத்துக்கு மிதிவண்டியில் சென்று வருபவன் என்ற முறையில், அதிகம் பேசப்படாத ஒரு தடையைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். 'நீங்களும் சைக்கிளில் வரலாமே' என்று உடன் பணிபுரிவோரைக் கேட்டால், லாரிக்குப் பயம் என்றோ தூரம் அதிகம் என்றோ சொல்பவர்களை விட, 'வியர்த்து விறுவிறுத்து வந்து, நாள் முழுக்க ஏ.சி. அறையில் நாலு பேருக்கு நடுவில் எப்படி சார் உட்காருவது?' என்று கேட்பவர்களே அதிகம்.

இந்தக் கேள்வியை அற்பம் என்று ஒதுக்குவது தவறு. வேலை செய்யும் இடத்தில் மதிப்பாகத் தோன்ற வேண்டும் என்பது ஆடம்பரமன்று. வேலைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பொதுவான, நியாயமான விருப்பம். அதிலும் நம் சமூகத்தில் வியர்வை வாடையைச் சுட்டிக்காட்டி ஒரு மனிதரை ஒதுக்குவதும், அவர் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பதும் நீண்ட காலமாக நடந்து வந்திருக்கிறது. எனவே ஒருவர் 'நான் நாறிவிடுவேனோ' என்று அஞ்சும்போது, அந்த அச்சத்துக்குள் மூக்கைப் பற்றிய கவலை மட்டும் இல்லை. அந்த அச்சத்தைப் போக்காமல், சாலையில் எத்தனை வெள்ளைக்கோடு போட்டாலும் அலுவலகம் செல்வோர் மிதிவண்டிக்கு வர மாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. அதைப் போக்க வழி இருக்கிறது. பாதி, ஓட்டுபவர் கையில் உள்ளது. மறு பாதி, அலுவலகத்தின் கையிலும் அரசின் கையிலும் உள்ளது.

மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்தில் கோட்டும் சூட்டும் அணிந்தபடியே வேலைக்குப் போகிறார்களே, இங்கே மட்டும் ஏன் முடியாது என்று சிலர் கேட்பதுண்டு. அந்த நாடு குளிரானது. நம் ஊரில் மே மாதத்து விடியற்காலையில்கூட வெப்பம் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைவிடப் பெரிய இடையூறு காற்றின் ஈரம். உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்வது வியர்வை சுரப்பதால் அன்று, சுரந்த வியர்வை ஆவியாவதால்தான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். அதுவே சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தால் பயன் ஏதுமில்லை. கடலோர ஊரின் காற்று ஏற்கெனவே நீராவி நிறைந்ததாக இருப்பதால் வியர்வை ஆவியாக மறுக்கிறது, உடல் மேலும் சுரக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. மதுரையிலோ திருச்சியிலோ இதே வெயிலில் ஓட்டுபவர் சென்னைக்காரர் அளவுக்கு நனைந்து போவதில்லை. ஆகவே ஐரோப்பிய நகரங்களின் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. நம் காற்றுக்கு ஏற்ற வழியை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். வியர்வை வேறு, வாடை வேறு. உடலெங்கும் பரவியுள்ள 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகளில் மிகப் பெரும்பாலானவை வெளியிடுவது உப்புக் கலந்த நீர் மட்டுமே; அதற்கு வாடை இல்லை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள வேறு வகைச் சுரப்பிகளின் கசிவைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது, அதற்குச் சற்று நேரமும் பிடிக்கிறது. காலையில் குளித்துவிட்டுத் துவைத்த ஆடையுடன் புறப்பட்டவர், அரை மணி நேரம் மிதித்து நனைந்து வந்தாலும், வந்து உடல் அடங்கியதும் துடைத்து உடை மாற்றிக்கொண்டால் அவரிடம் எந்த வாடையும் இருக்காது. குளிக்காமல் காரில் வந்தவரிடம் இருக்கலாம். நேற்றைய வியர்வை ஊறிய பனியனை இன்றும் அணிவது, நனைந்த சட்டையோடே உட்கார்ந்து காற்றாடியில் உலர்த்திக்கொள்வது, இவை இரண்டுமே உண்மையான குற்றவாளிகள். அப்படி உலர்த்துவது வாடையை மட்டுமன்றிப் படர்தாமரையையும் வேர்க்குருவையும் அழைத்து வரும்.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாகத் தொடங்குபவர்கள் களைத்துப் போவதும் நனைந்து போவதும் பெரும்பாலும் அதனால்தான். நாம் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு மட்டுமே பெடலைச் சென்று சேர்கிறது. எஞ்சியது முழுவதும் உடற்சூடாகிறது. காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் ஆற்றலோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப, அதாவது வேகம் இரு மடங்கானால் எட்டு மடங்காக, உயர்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் செல்பவர் 20 கிலோமீட்டருக்கு உயர்த்தினால், காற்றுக்காக மட்டும் முன்பை விட இரண்டு மடங்குக்கு மேல் உழைக்க வேண்டும். எட்டு கிலோமீட்டர் பயணத்தில் இதனால் கிடைக்கும் இலாபம் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தை அலுவலகம் சென்ற பிறகு வியர்வை அடங்கக் காத்திருப்பதிலேயே இழந்துவிடுகிறோம். ஆகவே பேச்சுத் துணைக்கு ஒருவர் பக்கத்தில் வந்தால் மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகமே வேலைக்குச் செல்லும் வேகம். கடைசி ஒரு கிலோமீட்டரை இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும். ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே இருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது, உள்ளே தேங்கிய சூடோ உடனே அடங்குவதில்லை. வாசலில் இறங்கியதும் வியர்வை ஊற்றெடுப்பது இதனால்தான்.

டயரில் காற்று குறைவாக இருந்தாலும், சீட் தாழ்ந்து முழங்கால் மடங்கியே மிதித்தாலும், செயினில் எண்ணெய் இன்றித் துருவேறியிருந்தாலும் உழைப்பு கூடும், வியர்வையும் கூடும். தெருமுனை சைக்கிள் கடையில் சில ரூபாயில் முடியும் வேலைகள் இவை. முதுகில் மாட்டும் பை இன்னொரு எதிரி. முதுகுதான் உடலில் அதிகம் வியர்க்கும் இடங்களில் ஒன்று, அதை ரெக்சின் பையால் மூடிவிட்டால் சட்டையைப் பிழியலாம். பையைப் பின்னால் கேரியரில் கட்டுவதோ, கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பைகளை வாங்கிக்கொள்வதோ, முன்னால் ஒரு கூடை பொருத்துவதோ நல்லது. பால்காரரும் தபால்காரரும் எந்தச் சுமையையும் முதுகில் ஏற்றாமல் வண்டியிலேயே ஏற்றியது அனுபவத்தில் கண்ட அறிவு.

உடையைப் பொறுத்தவரை ஓட்டுவதற்கு ஒன்று, உட்காருவதற்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே எளிது. ஓட்டும்போது அணிய மெல்லிய, தளர்வான பருத்திச் சட்டை போதும். விளையாட்டுக்கான பாலியஸ்டர் பனியன்கள் விரைவில் உலர்வது உண்மை, ஆனால் வாடையை அவை அதிகம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி மிதிவண்டியில் கடுமையாக மிதித்த 26 பேரின் பனியன்களை வாங்கி வைத்து மறுநாள் முகர்ந்து பார்க்கச் செய்ததில், பருத்தியை விடப் பாலியஸ்டரே மோசமாக நாறியது என்று 2014இல் வெளியிட்டார்கள். பாலியஸ்டர் அணிபவர்கள் அதை மாலை வரை பையில் சுருட்டி வைக்காமல் அலுவலகத்திலேயே அலசிக் காயப்போட வேண்டும். அலுவலகச் சட்டைகளை வாரத் தொடக்கத்தில், பேருந்திலோ இரயிலிலோ செல்லும் ஒரு நாளில், இஸ்திரி போட்டு மொத்தமாகக் கொண்டு சென்று வைத்துவிடலாம். நாள்தோறும் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால் மடிப்பதை விடச் சுருட்டுவது நல்லது, கசங்கல் குறையும். தோல் காலணியையும் பெல்ட்டையும் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு, சாதாரணச் செருப்பிலோ கான்வாஸ் காலணியிலோ ஓட்டலாம்.

சென்று சேர்ந்ததும் நேராகக் குளியலறைக்கு ஓடக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் நிழலில் அல்லது மின்விசிறியின் கீழ் நின்று, தண்ணீரோ மோரோ குடித்து, உடல் அடங்கிய பிறகே துடைக்க வேண்டும்; முன்னதாகவே புதுச் சட்டையைப் போட்டால் அதுவும் நனைந்துவிடும். ஏ.சி. அறைக்குள் ஈர உடம்போடு நுழைந்து அமரும் பழக்கமும் வேண்டாம். துடைப்பதற்கு நம் ஈரிழைத் துண்டுக்கு ஈடில்லை. கனமான தேங்காய்ப்பூத் துண்டு மாலை வரை உலராமல் தானே ஒரு வாடையை உண்டாக்கும். ஈரிழைத் துண்டோ அலசிப் பிழிந்து கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து, அக்குள், முதுகு, காலிடுக்கு என்ற வரிசையில் துடைத்து, அக்குளை மட்டும் சிறிது சோப்புப் போட்டுக் கழுவினால், அரை வாளித் தண்ணீரில் குளித்தது போன்ற தூய்மை கிடைக்கும்.

வாசனைத் திரவியத்தை அள்ளித் தெளித்துக்கொள்வது பற்றியும் சொல்லியாக வேண்டும். கழுவாத உடலின் மேல் தெளித்தால் இரண்டு வாடைகள் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும்; பக்கத்து இருக்கைக்காரர் தலைவலியோடு வீடு திரும்புவார். டால்கம் பவுடரும் ஈரத் தோலில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். நன்றாக உலர்ந்த பிறகே பூச வேண்டும். வாடையை மறைக்கும் டியோடரண்ட்டும் வியர்வையையே குறைக்கும் மருந்தும் கடைகளில் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருந்தாலும் வேறு வேறானவை. இரண்டாவது வகையில் அலுமினிய உப்புகள் இருக்கும். அவை வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கின்றன, ஆகவே வியர்க்காத இரவு நேரத்தில் பூசினால்தான் நன்றாக வேலை செய்யும். அவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்கு, முடிதிருத்தும் கடையில் சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்க்கும் படிகாரம் இருக்கிறது. அதுவும் ஓர் அலுமினிய உப்புதான். நனைத்து அக்குளில் மெல்லத் தேய்த்துக்கொண்டால் பாக்டீரியா அடங்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் ஒரு கட்டி பல மாதங்களுக்கு வரும்.

மழைக்காலம் வேறு விதமானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வியர்வை குறைந்து சேறு கூடுகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் முழு நீள மட்கார்டு இல்லாத வண்டியில் சென்னையின் மழைக்காலத்தில் வேலைக்குப் போக முடியாது. இன்று விற்கப்படும் பகட்டான பல வண்டிகளில் அது இல்லை என்பதை வாங்கும்போதே கவனிக்க வேண்டும். ஒரு ஜோடி மாற்று உடையை நெகிழிப் பையில் கட்டி அலுவலகத்தில் எப்போதும் வைத்திருப்பது நல்லது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி ஆண்களுக்கு எளிது. பெண்களுக்கு அவ்வளவு எளிதன்று என்பதை என் மனைவியும் என்னுடன் பணிபுரியும் பெண்களும் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலைப் பின்னிக்கொண்டு தலைக்கவசத்தை மாட்டினால் மாலை வரை ஈரம் போகாது. துப்பட்டாவும் புடவை முந்தானையும் செயினிலும் சக்கரத்திலும் சிக்காதபடி செயின் கவரும் பின்சக்கர வலையும் இருந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாழ்ப்பாள் உறுதியாக இருக்கும் ஓர் அறை வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு, தங்கள் வேலைக்கும் சந்தைக்கும் தாங்களே சென்றது தமிழகம் பெருமைப்படும் நிகழ்வு. அரசுப் பள்ளிகளில் 11ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டியும் தருகிறோம். அப்படி ஓட்டப் பழகிய பெண்களே வேலைக்குச் சேர்ந்த பிறகு வண்டியைக் கைவிடுகிறார்கள் என்றால், அலுவலகத்தில் அவர்கள் உடை மாற்ற இடமில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். தலைமைச் செயலக ஊழியர்கள் பணியிடத்துக்கேற்ற தூய்மையான உடையில், பெண்கள் புடவை அல்லது துப்பட்டாவுடன் கூடிய சல்வார் கமீஸ், சுடிதார் அணிந்து வர வேண்டும் என்று 2019இல் அரசு ஆணையிட்டது. அத்தகைய உடையை எதிர்பார்க்கும் எந்த அலுவலகமும், அதை அணிந்துகொள்ள ஓர் அறையைத் தருவதும் முறைதானே?

தனி மனிதரின் முயற்சி முட்டி நிற்கும் இடம் இதுதான். நான் பணியாற்றிய அலுவலகங்களில் பளிங்குத் தரை கொண்ட கழிப்பறைகளைப் பார்த்திருக்கிறேன். கை நீட்டினால் தானே தண்ணீர் கொட்டும் குழாய் இருக்கும். அதில் துண்டை நனைக்க முடியாது. கதவுக்குப் பின்னால் சட்டையைத் தொங்கவிட ஓர் ஆணி இருக்காது. தரை நனைந்தால் துப்புரவுப் பணியாளருக்குத் திட்டு விழும் என்பதால் அவர் நம்மைக் கெஞ்சுவார். ஈரத் துண்டை உலர்த்த இடமின்றி நாற்காலியின் பின்புறத்தில் போட்டால் மேலாளர் முகம் சுளிப்பார். இத்தனைக்கும் புதிய கட்டடங்கள் பலவற்றில் குளியலறை இல்லாமல் இல்லை. பசுமைக் கட்டடங்களுக்கான லீட் சான்றிதழ் முறையில் மிதிவண்டி வசதிக்கென்று தனிப் புள்ளி உண்டு. அதன் நான்காம் பதிப்பின்படி அந்தப் புள்ளியைப் பெற, முதல் 100 பேருக்கு உடை மாற்றும் வசதியுடன் ஒரு குளியலறையும், அதற்கு மேல் ஒவ்வொரு 150 பேருக்கும் கூடுதலாக ஒன்றும் கட்ட வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் அப்படிக் கட்டப்பட்ட குளியலறை, துடைப்பங்களும் பழைய கணினிப் பெட்டிகளும் அடுக்கிய கிடங்காக இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. சான்றிதழ் மட்டும் வரவேற்பறைச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. இருக்கும் அறையைத் திறந்துவிடக் காசு எதுவும் தேவையில்லை என்பதால் இதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இந்த உரிமை என்றோ கிடைத்துவிட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, மறைப்புடன் கூடிய, தூய்மையான கழுவுமிடங்கள் வேண்டும் என்றது. 43ஆம் பிரிவு, வேலை நேரத்தில் அணியாத உடைகளை வைக்கவும் நனைந்த உடைகளை உலர்த்தவும் இடம் தரச் சொல்லி விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு வழங்கியது. அம்பத்தூரிலும் பெரம்பூரிலும் கிண்டியிலும் ஷிப்ட் முடியும் நேரத்தில் சாலையை நிறைத்துச் சென்ற மிதிவண்டிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்த உடம்போடு வேலை முடித்தவர்கள் முகம் கைகால் கழுவி, வேறு சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு வெளியே வந்தார்கள் என்றால் உள்ளே அதற்கொரு தொட்டியும் குழாயும் இருந்தன. வேலை கணினிக்கு மாறியபோது தொட்டியையும் குழாயையும் யாரும் நினைக்கவில்லை.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் குறித்த சட்டத் தொகுப்பின் 24ஆம் பிரிவு இந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. வேலையளிப்பவர் விதிகளின்படி செய்து தர வேண்டிய நல வசதிகளின் பட்டியலில் கழுவுமிடம், ஆண் பெண் திருநர் ஆகியோருக்குத் தனித்தனிக் குளியலிடமும் லாக்கர் அறையும், ஈர உடை உலர்த்தும் இடம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. இவை யாருக்கு, எத்தனை பேருக்கு எத்தனை என்பதை விதிகளே முடிவு செய்யும். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் மட்டும் என்று அவற்றைச் சுருக்கிவிடாமல், அலுவலகங்களையும் வணிக வளாகங்களையும் உள்ளடக்கிச் செயல்படுத்த வேண்டும். இது நடக்காத காரியம் என்று சொல்வோருக்கு ஒரு முன்னுதாரணம் காட்டுகிறேன். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. உட்காரும் உரிமையை எழுத்தில் கொண்டுவந்த மாநிலத்துக்குக் கழுவிக்கொள்ளும் உரிமையை எழுதுவது கடினமன்று.

குளியலறை என்றதும் விலையுயர்ந்த வண்டியில் வரும் சில இளைஞர்களுக்கான சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயம் சாராத வேலைகளுக்கு மிதிவண்டியில் செல்வோர் நாடு முழுவதும் இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்தார்கள். நம் அலுவலகங்களிலேயே வாசலில் நிற்கும் காவலாளியும், அதிகாலையில் வந்து தரை துடைக்கும் அம்மாவும், கேன்டீனில் பரிமாறும் தம்பியும் பல காலமாகச் சைக்கிளில்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலரை வண்டியைப் பின்வாசலில், குப்பைத் தொட்டிக்கு அருகில் நிறுத்தச் சொல்கிறோம். சீருடை மாற்றுவதற்கு மாடிப்படியின் அடியையோ மின்மாற்றி அறையையோ காட்டுகிறோம். ஓர் அறை கட்டப்பட்டால் அது முதலில் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஊழியர் அட்டை வைத்திருப்போருக்கு மட்டும் என்று பூட்டுப் போட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதியதில் பொருளில்லை.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்ற நகரம் இது; அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் மேலிருந்து கொட்டும் ஷவரை நான் கேட்கவில்லை. நிமிடத்துக்கு எட்டு பத்து லிட்டர் என்று அது தண்ணீரைக் குடித்துவிடும். ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு குவளை, தரையில் சரியான வாட்டம், கதவில் தாழ்ப்பாள், சுவரில் நான்கு கொக்கிகள், காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரு கொடி, இவை போதும். முன்பு சொன்ன ஈரத்துண்டுக் கணக்கின்படி ஒருவருக்கு எட்டு லிட்டருக்கு மேல் தேவைப்படாது. அந்தத் தண்ணீரும் செடிகளுக்கோ கழிப்பறைக்கோ பயன்படும். இடம் இல்லை என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு கார் நிற்கும் பரப்பில் இத்தகைய இரண்டு அறைகளைத் தாராளமாக அமைக்கலாம்.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாக மூன்று தரப்பினரைக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல், எந்தக் கட்டடத்துக்கு எத்தனை கார், எத்தனை இருசக்கர வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த விதிகளில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஊழியர் உள்ள புதிய அலுவலகக் கட்டடங்களுக்குக் கழுவி உடை மாற்றும் அறையையும் வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை கட்டாயமாக்க வேண்டும். பழைய கட்டடங்களில் இயங்கும் மாநகராட்சி மண்டல அலுவலகங்களும் அரசு அலுவலகங்களும், பயன்படாமல் கிடக்கும் ஓர் அறையைத் தேர்ந்து முதலில் தாங்களே செய்து காட்டலாம். மிதிவண்டிக்கு முன்னுரிமை என்று கொள்கை வகுத்த மாநகராட்சி, அதில் வரும் தன் ஊழியர்களுக்கு இதைச் செய்வது பொருத்தம். தனியார் நிறுவனங்களின் மனிதவளத் துறையினர், காலை வருகைப் பதிவில் மிதிவண்டியில் வருவோருக்குக் கால் மணி நேரம் தளர்வு தந்தாலே, அவசரமாக மிதித்து நனைந்து வரும் தேவை குறையும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் அலுவலகத்தில் இத்தகைய அறை முறையாக நடத்தப்பட்டால், அதை எப்படி அமைத்தார்கள், யார் தூய்மை செய்கிறார்கள், பெண்களுக்கான சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு செலவாகிறது என்பதை இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். அவற்றை வெளியிட்டு உதவுமாறு ஆசிரியர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அலுவலக நிர்வாகத்திடம் எடுத்துச் சென்று காட்ட அவை எனக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
மடிப்பாக்கம், சென்னை